கடலில் ஈட்டிக் கல்லில் முதலிட்டவர்
கோஜா பெத்ருஸ் உஸ்கான் வாழ்க்கை

யூபிலி என்பது நன்றியின் காலம். நம் ஆலயத்தின் சுவர்களை எழுப்பியவர்கள், கூரைக்குப் பொருள் தந்தவர்கள், ஒருநாள் மீன்பாட்டில் ஒரு பங்கைக் கோயிலுக்கென்று ஒதுக்கி வைத்தவர்கள் ஆகிய எல்லாரையும் நன்றியோடு நினைக்கும் இவ்வேளையில், நமக்கு அப்பால் வாழ்ந்து, ஆனால் நம்முடைய கால்களுக்கு வழி செய்து வைத்துப்போன ஒரு பெருவணிகரையும் நினைப்பது தகும். பரங்கிமலைக்குத் திருப்பயணம் போகாத குடும்பம் நம் கரையோர ஊர்களில் அரிது. அம்மலையின் கற்படிகளில் ஏறி, புனித தோமையாரின் நினைவைப் போற்றி, அன்னையின் பாதத்தில் வேண்டுதலை வைத்துத் திரும்புகிறோம். அப்படிகளைக் கட்டித் தந்தவர் யார் என்று கேட்டால் நம்மில் விடை சொல்லக் கூடியவர் சிலரே. அவர் பெயர் கோஜா பெத்ருஸ் உஸ்கான். அவர் ஆர்மீனியர், கத்தோலிக்கர், தம் காலத்துச் சென்னையின் மாபெரும் செல்வர்களுள் ஒருவர்.

சொல்லால் பெயர்ந்த ஊரில் பிறந்தவர்

பாரசீக நாட்டின் இஸ்பகான் நகருக்கு எதிர்க்கரையில் புதிய ஜுல்பா என்னும் ஊர் உள்ளது. அங்கே 1680-ஐ ஒட்டி உஸ்கான் பிறந்தார். அவ்வூரின் பிறப்பே ஒரு துயரக் கதை. ஆர்மீனியரின் பழைய ஜுல்பா அராஸ் ஆற்றங்கரையில் செழித்திருந்தது. 1604, 1605-ஆம் ஆண்டுகளில், துருக்கியரோடு போரிட்டுக் கொண்டிருந்த பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸ் அம்மக்களை வேரோடு பெயர்த்துத் தம் தலைநகருக்கு அருகே கொண்டுவந்து குடியமர்த்தினார். மன்னர் ஒரு சொல் சொல்ல ஓர் ஊரே இடம் மாறியது. பிறந்த மண்ணை இழந்த மக்கள் புதிய இடத்தில் ஆலயங்கள் கட்டினர். பட்டு வணிகத்தைக் கையில் எடுத்தனர். நூறு ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவின் துறைகளிலிருந்து பிலிப்பைன்ஸ் தீவுகள் வரை அவர்களுடைய கணக்கர்களும் கடிதங்களும் பயணம் செய்தன. கோஜா என்பது அவர்களுள் பெருவணிகருக்கு வழங்கிய மதிப்புப் பெயர்.

இன்னொன்றையும் இங்கே கருத வேண்டும். புதிய ஜுல்பாவையும் இஸ்பகானையும் பிரிப்பது ஓர் ஆறு. அந்த ஆற்றின்மேல் முப்பத்து மூன்று கண்களோடு ஓர் அழகிய கற்பாலம் 1602-ஆம் ஆண்டு வாக்கில் கட்டி முடிக்கப்பட்டு இன்றும் நிற்கிறது. உஸ்கான் பிள்ளைப் பருவத்தில் அன்றாடம் கண்ட காட்சி அதுவாகவே இருந்திருக்கும். ஆற்றின் இரு கரைகளையும் ஒரு பாலம் எப்படி ஒரே ஊராக்குகிறது என்பதை அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

முதலும் பங்கும்

அக்காலத்தில் ஆர்மீனியர் வணிகம் செய்த முறை நம் கடற்கரை மக்களுக்கு எளிதில் விளங்கும். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, உழைத்த ஆளுக்கு ஒரு பங்கு என்று நாம் மீன்பாட்டைப் பிரித்துக்கொள்வதில்லையா? அதுபோல ஜுல்பாவில் இருந்த முதலாளி பணத்தைத் தருவார். இளைஞன் ஒருவன் அதை எடுத்துக்கொண்டு கடல் கடந்து போவான். பல ஆண்டுகள் கழித்துக் கணக்கோடு திரும்பும்போது, இலாபத்தில் கால் பங்கோ அதற்குச் சற்று மேலோ அவனுக்கு. மீதி முதல் போட்டவருக்கு. கணக்கில் பொய் சொன்னவன் என்று பெயர் எடுத்தால் அப்புறம் எந்தத் துறையிலும் அவனை நம்பிக் காசு கொடுப்பவர் இல்லை. நாணயமே அவ்வணிகத்தின் உண்மையான முதல்.

கடற்கடன் என்றொரு முறையும் அக்காலத்தில் வழங்கிற்று. கப்பல் சரக்கின்மேல் பணம் கொடுப்பார்கள். கப்பல் நலமாகத் திரும்பினால் முதலோடு பெரும் வட்டியும் வரும். கப்பல் மூழ்கினால் கொடுத்தவனுக்கு ஒன்றும் இல்லை. புயலும் கடற்கொள்ளையும் போரும் மலிந்த அக்காலத்தில், ஒரு கப்பல் கண்ணுக்குத் தெரியும்வரை பணக்காரன் யார், பரதேசி யார் என்று எவரும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. உஸ்கான் வாழ்ந்ததும் வளர்ந்ததும் இத்தகைய உலகில்தான்.

மணிலாவிலிருந்து சென்னைக்கு

பிலிப்பைன்ஸ் தீவுகளின் தலைநகரான மணிலா அன்று ஸ்பானியர் கையில் இருந்தது. மெக்சிகோவிலிருந்து ஆண்டுதோறும் அங்கே வெள்ளிக் காசுகளைச் சுமந்து கப்பல் வரும். அந்த வெள்ளிக்கு ஈடாக ஆசியச் சரக்குகள் போகும். அவற்றுள் நம் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகளுக்குத் தனி மதிப்பு. பழவேற்காட்டுத் துணி என்று கீழை நாடுகளில் பெயர் பெற்றிருந்ததை நாம் மறக்கலாகாது. ஆனால் ஆங்கிலக் கப்பல் மணிலாத் துறைக்குள் நுழைய ஸ்பானியர் இடங்கொடுக்கவில்லை. ஆர்மீனியருக்கு அத்தடை இல்லை. ஆகவே சென்னையில் இருந்த ஆங்கிலேயர்கள் ஆர்மீனியர் பெயரில் சரக்கேற்றி அனுப்புவது வழக்கமாயிற்று. மணிலா என்னும் அப்பெயர் நிலக்கடலையை மணிலாக்கொட்டை என்றும் மல்லாட்டை என்றும் சொல்லும் நம் வட்டாரத்து வாயில் இன்றும் புழங்குகிறது.

இந்த மணிலா வணிகத்தில் பொருளீட்டிய உஸ்கான் 1724-ஐ ஒட்டிச் சென்னையில் வந்து தங்கினார். அக்காலத்தின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1722-இல் ஆப்கானியர் இஸ்பகானை முற்றுகையிட்டனர். ஜுல்பாவின் ஆர்மீனியர் மீது பெருந்தண்டம் விதிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த செல்வம் சில திங்களில் கரைந்தது. பூட்டி வைத்த பொன் எவ்வளவு விரைவில் பிறர் பொன்னாகும் என்பதைத் தம் சொந்த ஊரின் அழிவிலேயே உஸ்கான் கண்டார். அவர் சென்னையில் அடுத்துச் செய்த காரியத்துக்கு இதுவும் ஒரு காரணமாய் இருந்திருக்கும் என்று நாம் கருதுகிறோம்.

அவர் செல்வம் கரையேறிய வழியையும் சொல்லியாக வேண்டும். இன்று காட்டுப்பள்ளியிலும் எண்ணூரிலும் துறைமுகங்கள் உள்ளன. அன்று சென்னைக்குத் துறைமுகமே இல்லை. கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆணி ஒன்றுகூட அறையாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகுகள் அலையைப் பிளந்துகொண்டு போய்ச் சரக்கை இறக்கி வரும். மசூலாப் படகு என்று வெள்ளையர் அழைத்தது இதைத்தான். அலையில் மோதும்போது ஆணியடித்த படகு உடையும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். அவற்றை ஓட்டியவர்களும், கட்டுமரத்தில் துணை சென்றவர்களும் நம்மைப் போன்ற கடற்கரை மக்களே. ஆகவே உஸ்கானின் பெட்டிக்குள் வந்து சேர்ந்த ஒவ்வொரு வெள்ளிக் காசும் முதலில் ஒரு மீனவனின் துடுப்பை நம்பியே கரை சேர்ந்தது. ஏடுகளில் அந்தத் துடுப்புக்காரர்களின் பெயர்கள் இல்லை. பெருஞ்செல்வரின் வரலாற்றைச் சொல்லும்போது அவர்களையும் நினைப்பது நம் கடமை.

ஆற்றின்மேல் ஒரு பாலம்

சென்னைக் கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போகிறவர்கள் வழியில் அடையாற்றைக் கடக்க வேண்டும். கோடையில் இறங்கி நடந்துவிடலாம். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் கரையில் நின்று வானத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. திருப்பயணிக்கும் சரி, காய்கறிக் கூடையோடு சந்தைக்குப் போகும் ஏழைக்கும் சரி, ஆறு ஒரே தடைதான்.

1726-ஆம் ஆண்டு உஸ்கான் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே கற்பாலம் ஒன்றைத் தம் சொந்தச் செலவில் கட்டி முடித்தார். மாம்பலத்தின் பெயரைத் திரித்து வெள்ளையர் அதை மார்மலாங் பாலம் என்றனர். அதற்கு ஆன செலவு 30,000 வராகன். வராகன் என்பது பொன் நாணயம். ஒன்றின் எடை ஏறத்தாழ மூன்றரை கிராம், அதாவது அரைச் சவரனுக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் சுமார் நூறு கிலோ எடையுள்ள பொன் நாணயங்களை அவர் அந்த ஆற்றங்கரையில் கல்லாகவும் சுண்ணாம்பாகவும் மாற்றிவிட்டார் எனலாம். சென்னைக்கு வந்து இரண்டு, மூன்று ஆண்டுகளே ஆன ஓர் அந்நியர் செய்த காரியம் இது.

அவர் அத்தோடு நிற்கவில்லை. பாலத்தைப் பழுதுபார்த்துக் காப்பதற்கென்று மேலும் 1,500 வராகனைத் தனியே ஒதுக்கி வைத்தார். கட்டிய செலவில் நூற்றுக்கு ஐந்து. ஒன்றைக் கட்டித் திறப்பு விழா நடத்துகிறவர்கள் பலர். அது விரிசல் விடும் நாளையும் எண்ணி, அந்நாளுக்கான காசையும் அன்றே எடுத்து வைக்கிறவர்கள் சிலர். உஸ்கான் கடல் வணிகர். எந்தக் கப்பலும் பழுதுபார்க்காமல் இரண்டாம் பயணம் போகாது என்பதை அறிந்தவர். நம் ஆலயக் கணக்கைப் பார்க்கும் பெரியோர்கள் இந்த 1,500 வராகனை மனத்தில் இருத்த வேண்டும் என்பது நம் தாழ்மையான கருத்து. உப்புக்காற்று நம் கோயில் இரும்பையும் காரையையும் எப்படித் தின்கிறது என்பதை அவர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மலையின்மேல் படிகள்

பாலம் ஆற்றைக் கடக்க உதவியது. மலை எஞ்சியிருந்தது. திருத்தூதர் தோமையார் உயிர் துறந்த இடம் என்று கிறிஸ்தவர்கள் தொன்றுதொட்டுப் போற்றிவரும் பரங்கிமலையின் உச்சிக்கு, ஏறத்தாழ முந்நூறு அடி உயரம் ஏற வேண்டும். 1547-இல் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவை அங்குள்ள ஆலயத்தில் இருக்கிறது. ஆர்மீனியர் தோமையார்மேல் பெரும் பக்தி கொண்டவர்கள். மலையடிவாரத்திலிருந்து உச்சிவரை உஸ்கான் கருங்கல் படிகள் அமைத்துத் தந்தார். 160 படிகள் என்பது வழக்கில் உள்ள கணக்கு. முதியோரும் பிள்ளைத்தாய்ச்சிகளும் நேர்த்திக்கடன் சுமந்து வருவோரும் கால் ஊன்ற இடம் கிடைத்தது.

அவருடைய கொடைகளுள் இன்றளவும் தன் வேலையை இடையறாது செய்துவருவது இதுவே. பாலத்தில் வண்டிகள் போயின, படைகள் போயின. படிகளில் போவது வேண்டுதலோடு வருகிறவர்களின் கால் மட்டுமே. இந்து சகோதரரும் இஸ்லாமியரும் ஏறுகிறார்கள். கட்டியவர் பெயரைக் கேட்டுக்கொண்டு எவரும் ஏறுவதில்லை. அவரும் அதை எதிர்பார்த்துக் கட்டியதாகத் தெரியவில்லை.

சோதனையின் ஆண்டுகள்

செல்வம் ஒருவரைச் சோதிப்பது அதைச் சேர்க்கும்போது அன்று, இழக்கும்போதுதான். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். கோட்டைக்குள் இருந்த உஸ்கானின் வீடுகளும் உடைமைகளும் அவர்கள் கைக்குப் போயின. புதுச்சேரியின் ஆளுநராக இருந்த டூப்ளே ஆர்மீனிய வணிகர்களைத் தம் பக்கம் இழுக்க விரும்பினார். புதுச்சேரிக்குக் குடிவந்தால் இழந்தது திரும்பக் கிடைக்கும் என்ற நிலையிலும், தமக்கு வாழ்வளித்த சென்னைக்கு நன்றி மறவேன் என்று உஸ்கான் மறுத்துவிட்டார் என ஆர்மீனியர் வரலாறு எழுதியோர் குறிக்கின்றனர். இத்தனைக்கும் பிரெஞ்சுக்காரர் அவருடைய சொந்த மதத்தவர். ஆங்கிலேயர் வேறு சபையினர். மதத்தின் பெயரால் ஆதாயம் தேட வழி இருந்தும் அவர் தேடவில்லை.

1748-இல் ஐரோப்பாவில் உடன்படிக்கை ஏற்பட்டு, 1749-இல் சென்னை மீண்டும் ஆங்கிலேயரிடம் வந்தது. நன்றி மறவாதவருக்கும் அவருடைய மக்களுக்கும் என்ன கைம்மாறு கிடைத்தது? கத்தோலிக்கர் பிரெஞ்சுக்காரருக்கு உளவாக இருந்தனர் என்ற ஐயத்தால், கத்தோலிக்கரும் ஆர்மீனியரும் வெள்ளையர் நகரத்தில் குடியிருக்கலாகாது என்று கம்பெனியார் ஆணையிட்டனர். 1642-ஆம் ஆண்டு முதல் கோட்டைக்குள் கப்புச்சின் குருக்கள் நடத்திவந்த புனித அந்திரேயா ஆலயம் அவர்கள் கையைவிட்டுப் போயிற்று. எழுபது வயதை நெருங்கிய உஸ்கான் இதையும் கண்ணால் கண்டார்.

இறுதி நாட்கள்

வேப்பேரியில் அற்புத அன்னையின் பெயரால் அவர் ஒரு சிற்றாலயம் கட்டியிருந்தார். 1751 சனவரி 15-ஆம் நாள் உஸ்கான் இறைவனடி சேர்ந்தார். அவ்வாலயத்தின் முற்றத்திலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. ஆனால் இதயத்தை மட்டும் எடுத்துப் பொற்பேழை ஒன்றில் வைத்து, பிறந்த ஊராகிய ஜுல்பாவுக்கு அனுப்பி அங்கே புதைத்தார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. உழைத்த ஊருக்கு உடலும் பெற்ற ஊருக்கு இதயமுமாக அவர் தம்மையே பங்கிட்டுக் கொடுத்தார் போலும்.

அவர் மறைந்த மறு ஆண்டே, 1752-இல், வேப்பேரிச் சிற்றாலயமும் கத்தோலிக்கரிடமிருந்து எடுக்கப்பட்டு லுத்தரன் போதகர் பப்ரீசியுஸ் ஐயருக்கு அளிக்கப்பட்டது. நம் முன்னோருக்கு இது பெரும் மனவருத்தம் தந்தது. ஆனால் இறைவனின் வழிகள் நம் கணக்குக்குள் அடங்குவதில்லை. அந்தப் பப்ரீசியுஸ் வேப்பேரியில் தங்கித் தமிழுக்கு உழைத்தார். 1779-இல் வெளிவந்த அவருடைய தமிழ்-ஆங்கில அகராதி பின்வந்த அகராதிகளுக்கெல்லாம் அடிப்படையாயிற்று. இன்று அவ்விடத்தில் தென்னிந்தியத் திருச்சபையின் புனித மத்தியா ஆலயம் உள்ளது. அதன் வளாகத்தில் அக்கத்தோலிக்கக் கொடையாளியின் கல்லறை இருக்கிறது. பிரிந்து நின்ற சபைகள் ஒருவரை ஒருவர் சகோதரர் என்றழைக்கும் இக்காலத்தில், அக்கல்லறை பிரிவினையின் சின்னம் என்பதைவிட இரு வீட்டாருக்கும் பொதுவான ஒரு மூத்தவரின் உறைவிடம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

எஞ்சியது எது?

உஸ்கானின் கப்பற்சரக்குகளின் கதை என்ன? ஏடுகளில் சில வரிகள். கோட்டைக்குள் இருந்த வீடுகள் பிறர் கைக்குப் போயின. கட்டிய சிற்றாலயமும் கைமாறியது. பாலம் இருநூற்று நாற்பது ஆண்டுக்காலம் உழைத்துவிட்டு, 1960-களில் புதிய பாலத்துக்கு இடம் விட்டது. இன்று அதற்கு மறைமலையடிகள் பெயர். பாரசீகம், ஆர்மீனியம், இலத்தீன் ஆகிய மூன்று மொழிகளில் பொறித்த பழைய பாலத்தின் நினைவுக்கல் மட்டும் எஞ்சியது. 2015 திசம்பர் வெள்ளத்தில் அடையாறு பெருகி அப்புதிய பாலத்திலேயே போக்குவரத்து நின்றபோது, அந்த ஆற்றின்மேல் முதன்முதலில் கல் அடுக்கத் துணிந்தவரின் துணிவு எத்தகையது என்பது விளங்கிற்று.

ஆக, தமக்கென்று அவர் வைத்துக்கொண்டவை எல்லாம் போயின. பிறர் கால்களுக்கென்று அவர் போட்டுவைத்தவை நிலைத்தன. கடலில் போட்ட முதலுக்கு ஆண்டுக்கொரு முறை வட்டி வந்தது. மலையில் போட்ட முதலுக்கு முந்நூறு ஆண்டுகளாக நாள்தோறும் வட்டி வந்துகொண்டிருக்கிறது. பூச்சியும் துருவும் அழிக்காத இடம் எது என்பதை அவ்வணிகர் நன்கு கணக்கிட்டே முதலிட்டார்.

நம்மிடம் முப்பதாயிரம் வராகன் இல்லை. அவ்வளவும் வேண்டியதும் இல்லை. மாதா தெருவுக்குப் போகும் பாதையில் மழைநீர் தேங்கும் இடத்துக்கு இரண்டு வண்டி மண், கிழவி ஒருத்தி பிடித்து ஏற ஆலய வாசலில் ஒரு கைப்பிடி, அடுத்த தலைமுறை பழுதுபார்க்க ஒரு சிறு வைப்புத் தொகை என்று நம்மாலும் இயன்றவை உண்டு. செய்தவர் பெயரைக் கல்லில் வெட்டாவிட்டாலும் குறைவில்லை. யூபிலி முடிந்து, தோரணங்கள் அவிழ்க்கப்பட்டு, இம்மலர் பெட்டியின் அடியில் போய்ச் சேர்ந்த பின்னும், அவை நம் பிள்ளைகளின் காலடியில் கிடந்து உதவும்.

நம் ஆலயத்துக்கு உதவிய அனைவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவும் இவ்வாண்டு நாம் ஒப்புக்கொடுக்கும் திருப்பலியில், பெயர் தெரியாத படகோட்டிகளையும் பெயர் தெரிந்த இப்பெருமகனாரையும் சேர்த்து நினைவுகூர்வோமாக.